மெழுகு இல்லை, கல்லு!

சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போனேன். திருநெல்வேலி பைபாஸ் பக்கம் ஒரு கடை. பலகை பலகையாகச் சாய்த்து வைத்திருந்ததில் ஒன்று கண்ணைப் பிடித்தது. வெள்ளைக் கல். நடுநடுவே மிளகாய்த்தூள் சிந்தினாற்போல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"காஷ்மீர் ஒயிட்டு அண்ணாச்சி. இதுக்கு மேல கல்லு கிடையாது" என்றார் கடைக்காரர்.

காஷ்மீரிலிருந்து நெல்லை வரைக்கும் லாரி வாடகை என்ன ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். பி.காம். படித்தவனுக்கு அழகை ரசிக்கும்போதும் கால்குலேட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர் சிரித்துவிட்டார். "காஷ்மீராவது ஒண்ணாவது. மேலூர் பக்கம்லா வெட்டுதாவ. பேரு அப்படி வச்சாத்தான் வெளிநாட்டுல போவும்."

சிவப்புப் புள்ளிகளைக் கறை என்று சொல்லிச் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தால், அது கறையே இல்லை. கார்னெட் என்ற கனிமம். ஜோசியர் மோதிரத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாரே கோமேதகம், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. நவரத்தினக் குடும்பத்தைக் காட்டி டிஸ்கவுண்ட் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கல் வியாபாரத்தில் பெயர்களே இப்படித்தான். கடினமாக இருந்து பாலிஷ் ஏறினால் போதும், எல்லாம் கிரானைட். 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டாலரைட், காப்ரோ வகைக் கற்கள். புவியியல்படி கிரானைட்டே கிடையாது. வியாபாரி இப்படிப் பேர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்குச் சரக்கு போக வேண்டும். ஆனால் விற்க எதுவும் இல்லாத நாம், அதாவது கோயில் சிற்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், கல்லைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் இந்த வாரம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பொய், 'கல்லை மெழுகாக வளைத்திருக்கிறான் சிற்பி.'

கல் வாங்கிய மறுநாள் கிருஷ்ணாபுரம் போயிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம்தான். 16-ம் நூற்றாண்டு, நாயக்கர் காலம், வெங்கடாசலபதி கோயில். வீரபத்திரர், மன்மதன், ரதி, கர்ணன், அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன்... ஆள் உயரச் சிலைகள் தூணிலிருந்து இறங்கி வரப்போவது போல நிற்கின்றன. விளக்கம் சொன்னவர் கர்ணனின் கையில் நரம்பைக் காட்டினார், நகத்தைக் காட்டினார், கடைசியில் எதிர்பார்த்தபடியே, "மெழுகு மாதிரி வளைச்சிருக்கான் பாத்தீங்களா சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்முடைய புத்தகங்களும் தலபுராணங்களும் பத்திரிகைகளும் (நான் எழுதியவையும் சேர்த்து) அவருக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் அது.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். மெழுகில் செய்தால் அதில் என்ன சாமர்த்தியம்? மெழுகு எதிர்த்துப் பேசாது. கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் பார்த்தால், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பளிங்கு 3. பேலூர், ஹளேபீடில் ஹொய்சாளச் சிற்பிகள் செதுக்கிய மாக்கல் அதைவிடவும் மெது. வெட்டி எடுத்த புதிதில் சுலபமாக இழைக்கலாம். அதனால்தான் அங்கே நகைநட்டு, வலைப்பின்னல் என்று கல்லில் பூ வேலையே செய்ய முடிந்தது. மெழுகு என்ற பாராட்டு அங்கே கொஞ்சம் பொருந்தும். நம் பக்கத்துக் கல்லில் இருப்பது ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். ஒன்று 6, மற்றது 7. உளியின் முனை மழுங்க மழுங்க உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சிற்பி பக்கத்திலேயே கொல்லனும் இருந்தால்தான் கர்ணனுக்கு நகம் முளைக்கும்.

இன்னொன்று. இந்த மாதிரிக் கல், மேலே பாரம் வைத்தால் மலையையே தாங்கும். ஆனால் இழுவிசைக்கு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நீட்டிக்கொண்டு நிற்கிற மெல்லிய கை உடையும். நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களில் ஆயுதம், கை, ஆடை நுனி இவை எங்கேயாவது உடம்போடோ தூணோடோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அலங்காரம் போலத் தெரிகிற அந்த ஒட்டு, கல்லோடு சிற்பி போட்ட ஒப்பந்தம். எங்கே விட்டுக்கொடுத்தான், எங்கே கல்லை மிரட்டி வாங்கினான் என்று பார்ப்பதுதான் சிற்பத்தைப் பார்ப்பது. மெழுகு என்று சொன்னதும் அந்தச் சண்டை முழுக்க கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

சரி, இது என்ன கல்? 'கருங்கல்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நான் பார்த்த எந்தக் கோயில் பலகையிலும் அரசன் பெயர் இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது, கல்லின் பெயர் இல்லை.

முதலில் சாதாரண கிரானைட்டின் கணக்கைப் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை டிரையல் பேலன்ஸ். 100 கிலோ கிரானைட்டில் சுமார் 70 கிலோவுக்கு மேல் சிலிக்கா, 14 கிலோ அலுமினா, சோடியம்-பொட்டாசியம் ஆக்ஸைடுகள் இரண்டும் சேர்ந்து 8 கிலோ, மீதியில் இரும்பு, சுண்ணாம்பு, மக்னீசியம். பூமிக்குள் ஆழத்தில் உருகிய குழம்பு லட்சக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல ஆறும்போது, இந்தச் சரக்கெல்லாம் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று தனித்தனி மணிகளாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிறது. மெதுவாக ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கின்றன. இதில் மைக்காவுக்குள் கொஞ்சம் தண்ணீர் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நூறு கிலோவில் ஒரு கிலோகூட வராது. ஆனால் கதையே அந்தத் தண்ணீரில்தான்.

நெல்லையைச் சுற்றியும் பொதிகை மலையிலும் கிடக்கும் கற்களில் பெரும்பகுதி, பிறந்த பிறகு இரண்டாம் தடவை வெந்தவை. சில ஒரு காலத்தில் கிரானைட் மாதிரியானவை, சில கடலடிச் சேறு. எல்லாம் சேர்ந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், 800 டிகிரிக்கு மேல் வெந்து திரும்பி வந்திருக்கின்றன. சேறாக இருந்தது கார்னெட் நிறைந்த கோண்டலைட் ஆனது. கடலடிச் சுண்ணாம்பு பளிங்கு போல இறுகியது. தாழையூத்தில் சிமென்ட் ஆலைக்குத் தீனி போட்டது அதுதான். கிரானைட் வகையறாவில் மைக்காவுக்குள் பூட்டியிருந்த தண்ணீர் வெளியேறி, அந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற தண்ணீர் இல்லாத கனிமம் வந்து உட்கார்ந்தது. புதிதாக உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசினாற்போல ஒரு பச்சை கலந்த கருநீலம் தெரியும். அதுதான் சார்னகைட்.

பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரன் பெயர் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், ஜாப் சார்னக். கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகத்தில் வந்தவர். அவருடைய கல்லறைப் பலகை கல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கற்களை ஆராய்ந்தபோது, அந்தப் பலகையும் இதே கல்தான் என்று கண்டு 1893-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் செத்துப்போனவர் பெயரில் உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டது. மேலூர்க் கல்லுக்குக் காஷ்மீர் என்று பேர் வைத்த வியாபாரியை இனிமேல் எப்படித் திட்டுவது?

வேகவைத்த அடுப்பு எது? இங்கேதான் படம் பெரிதாகிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, இந்தியா, அன்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாயின. இடையில் இருந்த கடல் மூடிக்கொண்டது. கண்டத்தின் மேலோடு மடிந்து தடித்தது, அடிப்பகுதி வெந்தது. அந்த மோதலின் தழும்பு ஒன்று நம் ஊர் வழியாகவே போகிறது. கேரளத்து அச்சன்கோவிலில் தொடங்கிச் செங்கோட்டை, தென்காசி பக்கமாகத் தென்கிழக்கே இறங்கும் ஒரு பட்டை. பூமியின் இரண்டு பெரிய துண்டுகள் ஒன்றையொன்று உரசித் தேய்த்த இடம். வடக்கே மதுரைத் துண்டு, தெற்கே திருவனந்தபுரத்துத் துண்டு. புவியியலாளர்கள் 'அச்சன்கோவில் ஷியர் ஜோன்' என்கிறார்கள். செங்கோட்டை ரயிலில் ஆரியங்காவு கணவாய்க்குள் நுழையும்போது நாம் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிக்கொண்டிருக்கிறோம். ரயிலுக்கு அடியில் ஓடுவது இந்தத் தையல்.

55 கோடி என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தக் கற்களில் மோனசைட், ஜிர்கான் என்று பொடிப்பொடி மணிகள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் குறிப்பிட்ட வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணினால் வயது வந்துவிடும். ஃபிக்ஸட் டெபாசிட்டின் வட்டியைப் பார்த்து போட்ட தேதியைக் கண்டுபிடிக்கிற மாதிரி. சில ஜிர்கான் மணிகளில் ஓரம் 55 கோடி காட்டும், நடுக்கரு 200 கோடிக்குப் பக்கத்தில் காட்டும். வெந்த தேதி ஒன்று, பிறந்த தேதி இன்னொன்று. இந்த மோனசைட்தான் கல் கரைந்து ஆற்றோடு போய், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியமாகப் பெயர் வாங்குகிறது. தென்கோடிக் கடற்கரையில் சிவப்பாக மினுங்கும் மணல் என் சமையல் மேடையின் கார்னெட்.

தண்ணீர் எப்படி வெளியேறியது என்பதில் மட்டும் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஹாலண்ட் இது நேரடியாகக் குழம்பிலிருந்து உறைந்த கல் என்றே நினைத்தார். 1980-களில் ஒரு கட்சி கிளம்பியது. பூமியின் அடியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு பொங்கி வந்து தண்ணீரை விரட்டியது என்பது அவர்கள் வாதம். பொதிகைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் அவர்களுக்கு நல்ல சாட்சி இருக்கிறது. வெளிறிய கல்லில், விரிசல்களை ஒட்டி, வேட்டியில் டிகாக்ஷன் கொட்டின மாதிரித் திட்டுத் திட்டாகச் சார்னகைட். மணிகளுக்குள் சிறைப்பட்ட குமிழிகளில் கார்பன் டை ஆக்ஸைடும் இருக்கிறது. எதிர்க்கட்சி சொல்வது, அது அங்கங்கே நடந்திருக்கலாம், ஆனால் மலைமலையாக இருக்கும் கல்லுக்கு அவ்வளவு வாயு எங்கிருந்து வரும்? சூட்டில் கல்லின் ஒரு பங்கு உருகியது, தண்ணீர் அந்த உருகலில் கரைந்து மேலே போய்விட்டது, காய்ந்தது மட்டும் கீழே தங்கியது. எனக்கு இரண்டாவது வாதம்தான் கணக்கு உதைக்காமல் வருகிறது. பொன்முடித் திட்டுகளை முதல் கட்சிக்கே விட்டுவிடலாம்.

இந்த 'காய்ந்த' கல்லுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மைக்கா ஏடு ஏடாகப் பிரியும் சாதி. அது அடுக்கடுக்காக இருக்கிற கல் உளி பட்டால் அந்த அடுக்கிலேயே பிளக்கும். மைக்கா குறைந்து, மணிகள் இறுகக் கோத்த கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எதிர்க்கும். நம் ஸ்தபதிகளுக்கு ஹைப்பர்ஸ்தீன் தெரியாது. ஆனால் தட்டிப் பார்க்கத் தெரியும். மணி போல ஒலித்தால் ஆண் கல், அதற்கு அடுத்தது பெண் கல், ஒலியே இல்லாதது அலிக்கல் என்று பிரித்து, மூலவருக்கு எது, பீடத்துக்கு எது என்று விதி வைத்திருந்தார்கள். ஒலிக்கிறது என்றால் உள்ளே விரிசல் இல்லை, மணிகள் இறுக்கமாக இருக்கின்றன என்று அர்த்தம். காதாலேயே எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல கல் விமர்சனம் நம்மிடம் இல்லை. சிற்ப நூல்களில் இருந்த அது ரசனைக் கட்டுரைகளுக்குள் வரவே இல்லை.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களையும் இதே காதோடு கேட்க வேண்டும். மணி மண்டபத்தில் ஒரு பெரிய தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில். சின்ன வயசில் நானும் தட்டியிருக்கிறேன். 'சரிகமபதநி வருது பார்' என்று சொன்னார்கள், தலையாட்டினேன். உள்ளே குழாயாகக் குடைந்திருக்கிறது என்ற கதையும் அப்போது உண்டு. ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் ஒலி அலைகளால் சோதித்து 2008-ல் எழுதினார்கள். தூண்கள் கெட்டியானவை. தட்டும்போது தூண் மெல்ல வளைந்து அதிர்வதுதான் ஒலி. நீளம், பருமன், கல்லின் இறுக்கம் மூன்றும் சேர்ந்து சுருதியைத் தீர்மானிக்கின்றன. குழாய்க் கதையைவிட எனக்கு இதுதான் பிரமிப்பாக இருக்கிறது. கல்லுக்குள் ஒலி விநாடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நடுவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை செத்துவிடும். அப்படிப்பட்ட கல்லைத் தேர்ந்தெடுத்து, நாற்பத்தெட்டில் ஒன்றுகூட உடையாமல் இழைத்தவனை 'அதிசயம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. (1986 வரை அதுவும் நம்ம ஜில்லாதான். தூத்துக்குடி மாவட்டம் பிறகு வந்தது.) எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, விமானம் முடிந்து, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சாபக் கதைகள் சொல்கிறார்கள். எனக்கு அந்த முடியாத அடிப்பகுதிதான் பிடிக்கும். மேலே சிவனும் பூதகணங்களும் சிரிக்கிறார்கள், கீழே கல் இன்னும் பாறையாகவே முறைத்துக்கொண்டு நிற்கிறது.

நம் ஆட்களுக்கு வயது என்றால் ஒரே வெறி. 2025-ல் சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு வெளியிட்டபோது டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. சந்தோஷம்தான், எனக்கும் மார்பு விரிந்தது. ஆனால் அந்தத் தாழிகள் புதைந்து கிடந்த தாமிரபரணிக் கரையின் கல்லுக்கு அது நேற்று மத்தியானம். மேடைகளில் ஒரு புறப்பொருள் வெண்பாமாலைப் பாட்டை இழுப்பார்கள். இழுக்கும்போது ஓர் எழுத்தை மாற்றி, தமிழன் கல்லுக்கும் முந்தியவன் என்று ஆக்கிவிடுவார்கள். ஐயனாரிதனார் சொன்னது, கல் வந்துவிட்டது, மண் இன்னும் வரவில்லை என்ற காலத்தை. கவிதை மிகைதான், ஆனால் வரிசை சரி. கல் முதலில். ஃபெல்ட்ஸ்பார் மழையில் கரைந்து களிமண்ணாகும். காருகுறிச்சிச் சட்டிப்பானை மாதிரி எல்லாப் பானைக்கும் மூலதனம் அந்த மாதிரிக் களிமண். கரையாத குவார்ட்ஸ் ஆற்று மணலாகும். கல்லைச் செலவழித்துத்தான் மண் சம்பாதிக்கப்படுகிறது.

இப்போது நாம் அந்தச் செலவை வேகப்படுத்தியிருக்கிறோம். ஆற்று மணலை அள்ளித் தீர்த்தோம். 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. உடனே மலைப்பக்கம் திரும்பினோம். ஜல்லி, எம்-சாண்ட், புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகள். வீடு கட்டக் கல் வேண்டாம் என்று நான் சொன்னால் என் சமையல் மேடையே சிரிக்கும். கல்லை வெறும் டன் கணக்காகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். 2022 மே 14 இரவு, முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளத்தில் முன்னூறு அடிக்கு மேல் ஆழமான குவாரியில் பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். இருபது கிலோமீட்டர் ஆழத்தில் அமுங்கிக் கிடந்த கல், மேலே இருந்த பாரமெல்லாம் தேய்ந்து போனபின் தளர்ந்து, தனக்குள்ளேயே நீள நீளமாக வெடிப்பு விட்டுக்கொள்ளும். எந்தக் குவாரிச் சுவரிலும் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். வெடி வைத்து, சுவரைச் செங்குத்தாக விட்டுக் கீழே ஆளை இறக்கும்போது அந்தக் கோடுகளைப் படிக்க வேண்டும். தட்டிப் பார்த்துக் கேட்டவன் வம்சம்தானே நாம்.

பரங்கிமலைச் சார்னகைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கிருஷ்ணாபுரத்திலும் நெல்லையப்பர் கோயிலிலும் கழுகுமலையிலும் பலகையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இது இன்ன கல், இத்தனை வயது, இந்த மலையிலிருந்து வந்தது. பெயின்ட் செலவு ஐம்பது ரூபாய்.

சமையல் மேடை போட்டாயிற்று. அம்மா வந்து பார்த்தாள். விரலால் தேய்த்தாள். "என்னல இது, குங்குமம் சிந்தின மாதிரி?"

கார்னெட், கோண்டுவானா, 55 கோடி வருஷம் என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ சபீனா போட்டாலும் போவாதுன்னு சொல்லு" என்றாள்.